கிணற்றடி மரத்து இலைகள்

கதிரவெளியில் எனக்குச் சீதனமாக வந்த காணி முழுக்க மரமுந்திரிகை. என் கணவரோ கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்காரர். அவருக்கு நெல் மட்டும்தான் பயிர், மற்றதெல்லாம் காடு. யூரியா மூட்டை வந்தால் ஒரு பிடி மிச்சமில்லாமல் அவருடைய வயல் வட்டைக்குப் போகும். "காட்டு மரத்துக்கு ஆர் புள்ள உரம் போடுறாங்க?" என்பார். காய்க்காவிட்டால் மட்டும் மரத்தைத் திட்டுவார்.

இரண்டு பருவமாகப் பூ கருகிக் கொட்டியது. மனிசன் தொடங்கிவிட்டார். "கிழட்டு மரம். வெட்டிப்போட்டுச் சோளம் போடுவம்." ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தவள் நான். விவசாயப் போதனாசிரியையைப் போய்க் கூட்டிவந்தேன். இலையைப் பரிசோதித்தால் மரத்துக்கு என்ன சத்துக் குறைவென்று தெரியும் என்றாள் அவள். குறைவிருந்தால் உரம், இல்லாவிட்டால் வெட்டுவது என்று நானும் அவரும் ஒப்புக்கொண்டோம்.

பாவம், அந்தப் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது. "ஐயா, காணி முழுக்க நடந்து, எல்லா மூலையிலயும் பறியுங்க. பிஞ்சிலையும் வேணாம், பழுத்ததும் வேணாம். நல்ல மரமும் வேணும், நோஞ்சான் மரமும் வேணும்." இவர் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டினார். பறிக்கிற அன்றைக்குப் பார்த்து எனக்கு ஏறாவூரில் ஒரு கலியாணம். வேலையை இவர் தலையில் போட்டுவிட்டுப் போனேன்.

முடிவு வந்தது. எல்லாச் சத்தும் தாராளமாம்! பெற்ற பிள்ளை ஸ்கொலர்ஷிப் பாஸானது போல இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் சத்து இருந்தும் காய்க்கவில்லை என்றால் மரம் கிழடுதானே. ஒப்புக்கொண்டபடி வெட்டுவதுதான் மிச்சம்.

வாழைச்சேனையிலிருந்து மரவியாபாரி மெசின் வாளோடு வந்தான். வேலியோரத்து ஆறு மரங்கள் விழுந்தன. நான் குசினிக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வாள் கிணற்றடிக்கு வந்தபோது இவர் கத்துவது பொத்திய காதுக்குள்ளும் கேட்டது.

"தம்பி, அத மட்டும் தொடாத! பாஸான மரம் அதுதான். இலை முழுக்க அதிலதான் பறிச்ச நான்."

ஐயோ ஆண்டவனே! கையில் அகப்பையோடு ஓடினேன். "என்ன சொன்னீங்க?"

"காட்டுறதெண்டா நல்லதைத்தானே காட்டணும்? வந்த ஆக்களுக்கு உடைஞ்ச கோப்பையிலயா தேத்தண்ணி குடுக்கிற? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், புள்ள."

"அது ஒரு பானைக்கு! நீங்க பதம் பாத்தது அடுத்த வீட்டுப் பானைய!"

குளிக்கிற தண்ணீர், மீன் கழுவுகிற தண்ணீர் எல்லாம் குடித்து, மாமியார் வீட்டு மாப்பிள்ளையைப் போலக் கொழுத்த மரம் அது. வியாபாரியை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பினேன். அவன் என் முகத்தைவிட அகப்பையைத்தான் அதிகம் பார்த்தான்.

அன்றைக்கே காணி முழுக்க நானே நடந்து பறித்தேன். இவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். விழுந்து கிடந்த மரங்களிலும் பறித்து வேறு பையில் போட்டேன்.

"செத்ததுக்கு எதுக்கு புள்ள பரிசோதனை?"

"மரண விசாரணை."

இந்தமுறை முடிவைப் போதனாசிரியையே கொண்டுவந்தாள். நைதரசனும் இல்லை, பொட்டாசியமும் இல்லை. "பசிதான் அக்கா. வேற நோய் ஒண்டுமில்ல. உரம் போட்டாக் காய்க்கும்."

"வெட்டினது?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுவும் காய்ச்சிருக்கும் அக்கா."

இவருக்கு உடனே வந்த கவலை வேறு. "அப்ப வயலுக்கு யூரியா காணாதே!"

வட்டைக்கென்று அடுக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு போனேன். வேலியோரத்தில், அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் வந்ததும் மூட்டையை விட்டுவிட்டேன். அங்கேயே இருந்து ஓவென்று அழுதேன்.

பின்னால் வந்தவர் மெதுவாகக் கேட்டார், "மூட்டை பாரமா புள்ள?"