ராகு காலத்தில் கிளம்பிய வேன்

என் மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. சின்ன வயதில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். இதை ஒளிக்காமல் சொல்லித்தான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் பிள்ளை பெறலாம் என்று இதய டாக்டர் சொன்னபோது சம்பந்தியம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. முடிந்ததும் மகளை அழைத்துப்போக வேனோடு போயிருந்தேன். கூட்டத்தில் நான் வாய் திறக்கிறவள் இல்லை; சுவரோரம் நின்றேன். நாற்காலியில் அவள், கன்னமெல்லாம் சந்தனம், முழங்கை வரை வளையல். உதடு வெளுத்திருந்தது. பாதம் உப்பி, கொலுசு சதையில் பதிந்திருந்தது.

"கால் வீங்கினா ஆம்பளப் புள்ளதான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வளையல் போடக் குனிந்தபோது மகள் காதோடு சொன்னாள். "படுக்க முடியலம்மா, மூச்சு வாங்குது. உக்காந்துக்கினேதான் தூங்கறேன்."

"மாத்திர போட்டுக்கறியா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"அதெல்லாம் சூடுங்க. வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு நாந்தான் நிறுத்திட்டேன்" என்றார் சம்பந்தியம்மா, பெருமையாக. "ஏன், எங்களுக்கு மூச்சு வாங்கலியா? நாங்க பெத்துக்கலியா?"

மகளைக் கைப்பிடித்து எழுப்பினேன்.

"இன்னா சம்பந்தியம்மா, ராகு காலம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது! முடியட்டும், கூட்டிக்கினு போங்க" என்று மாமியார் குறுக்கே வந்தார்.

"அது வரைக்கும் இவ தாங்குவாளா?"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி என் மகளே கேட்டதில்லை. பந்தியில் கலவை சாதம் பரிமாறிக்கொண்டிருந்த மருமகன், கரண்டியோடு தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேனைத் திண்டிவனத்துக்கு விடவில்லை. நேராகப் பெரியாஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிரசவம் வரை அங்கேயேதான் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. பார்க்க வந்த சம்பந்தியம்மா நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்கு ஓட்ட கீட்ட இருக்குதா?" இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். பிறகு என்னிடம், "ராகு காலத்துல கெளம்புனீங்க, பொட்டப் புள்ளையாப் பூட்டுது" என்றார்.

உள்ளே என் மகள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குழந்தையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல அவளப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன்.