சூப்பர்வைசருக்குக் கிடைத்த மதிப்புரை

அந்த ஆள் நாறிப்போக வேண்டும். நாவல் எழுதியதே அதற்காகத்தான். இலக்கியம் கிலக்கியம் என்பதெல்லாம் மேடையில் சொல்லிக்கொள்வது.

ஓசூர் சிப்காட்டில் நான் லேத் ஓட்டிய கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று போன் வந்தது. லீவு கேட்டுப் போய் நின்றேன். "டிஸ்பேச் இருக்குது. ஷிப்ட் முடிச்சிட்டுப் போ. உங்கம்மா எங்கியும் போயிடாது," என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைத் தெலுங்கில் திட்டுவான், மேனேஜரிடம் கன்னடத்தில் குழைவான். மத்தியானம் களி உருண்டையைக் கிள்ளி மெல்லாமல் முழுங்குவான். ஆயுதபூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, தான் தொழில் பழகிய பழைய லேத்துக்கு மட்டும் தனியாக ஒரு முழம் பூ போடுவான். ஒன்று விடாமல் நாவலில் ஏற்றினேன். தெரிந்தவர்கள் படித்ததும் இவன்தான் என்று கண்டுபிடித்துக் காறித் துப்ப வேண்டுமே.

புத்தகம் வெளிவருமுன்பே கடைக்காரர்களுக்கும் நூலகங்களுக்கும் போகிற வணிக இதழ் ஒன்று உண்டு. அதில் வரும் மதிப்புரையைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள். பதிப்பாளர் முன்பிரதி அனுப்பியிருந்தார். ஆர்டர் யாருக்கு வேண்டும்? 'கொடூரன்' என்று ஒரு சொல் அச்சில் வந்தால் போதும். ரிட்டயர்டாகி உத்தனப்பள்ளியில் உட்கார்ந்திருப்பவன் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தேன். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்பதுவரை முடிவு செய்தாகிவிட்டது.

போன வாரம் பதிப்பாளர் கூப்பிட்டார். குரலிலேயே சந்தோஷம். "மதிப்புரை வந்திருச்சு சார். பிரமாதமா எழுதியிருக்காங்க."

"அந்த சூப்பர்வைசரைப் பத்தி என்ன போட்டிருக்குது?"

"அவருதான் சார் புத்தகத்துக்கே உயிராம். கண்டிப்பான ஆளு, ஆனா உள்ளுக்குள்ள ஈரம்னு எழுதியிருக்காங்க. பழைய லேத்துக்குப் பூ வைக்கிற எடத்துல அழுதுட்டாங்களாம்."

ஒரு தாய் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் செத்திருக்கிறாள், இவர்களுக்குப் பூதான் கண்ணில் பட்டதா?

"அம்மாவைப் பத்தி?" என்றேன்.

"அது ஒரே வரிதான் சார். அம்மா மனசுல நிக்கலையாம். விடுங்க, அதெல்லாம் யாரு பாக்கறாங்க."

போனை வைத்துவிட்டு நாவலைப் புரட்டினேன். அம்மா கட்டிலில் கிடக்கிறாள், சாகிறாள். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள், ஒரு வரி இல்லை. அவளுக்கு இருந்த இடத்தையெல்லாம் அந்தப் படுபாவிக்கு நானே கொடுத்திருக்கிறேன்.