சூரியன்மேல் ஒரு எண்ணெய்க் கறை

எங்கள் பனியன் கம்பெனி மொட்டைமாடிக்குத் தொலைநோக்கியோடு வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், சூரியனுக்கு முதுகைக் காட்டியே நின்றார். யாராவது குழாயில் கண் வைக்கப் போனால், "கண்ணு அவிஞ்சுருமுங்க!" என்று மூடியைப் போட்டுவிடுவார். விரித்துக் கட்டிய பனியன் துணியில் சூரியனைத் தட்டுபோல விழவைத்து, புதன் கிரகம் அதைக் கடப்பதைப் படமெடுக்க வந்திருந்தார். கேமராவில் ஒரே படம்தான் பாக்கி; மேகம் நெருங்கியது.

துணியில் ஒரு கரும்புள்ளி. எண்ணெய்க் கறை துடைத்தே பிழைக்கும் என் மண்டை சும்மா இருக்குமா? பெருவிரலால் தேய்த்தேன். புள்ளி என் நகத்தில் ஏறிக்கொண்டது.

"ஏனுங்க, அதுதானுங்க புதன்!"

"கைய எடுத்துக்கட்டுங்களா?"

"அசையாதீங்க, மேகம் வந்துருச்சு!"

கேமரா 'டக்' என்றது. சூரியன் மறைந்தது.

என் அழுக்கு நகத்தோடு அந்தப் படம் அவர் கடையில் தொங்கியது. "இது ஆரு வெரலுங்க?" என்று கேட்பவர்களிடம், "புதனைத் தொடச்சுப் பாத்தவருங்க" என்பார். கிண்டலா, மரியாதையா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.