கருப்பட்டிக் காப்பியும் கண்ணாடிக் கூண்டும்

ஹாலந்தில் பெரிய ஆட்களே மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லெட் துருவலைத் தூவித் தின்கிறார்கள். ஹாகல்ஸ்லாக் என்று பெயர். துறைமுக கேன்டீனில் என் எதிரே உட்காரும் யான் தினமும் இதைத்தான் தின்கிறான். அவனுக்கு ஒரு நோயும் இல்லை. நான் வெள்ளரிக்காயை மென்றுகொண்டு வயிறெரிவேன். பத்தியத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. சோற்றைப் பாதியாக்கினேன், பரோட்டாவை மறந்தேன். ஆனாலும் சுகர் இறங்கவில்லை. இன்சுலினுக்குப் போனால் கிரேன் ஓட்டச் சான்று கிடைப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே கிரேன் உச்சியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்காரத்தான்.

"சர்க்கரை சேர்ப்பீர்களா?" என்று உணவு ஆலோசகர் பெண் கேட்டபோதெல்லாம் "தொடுவதே இல்லை" என்றேன். மனதறிந்து சொன்ன பொய்யில்லை. எனக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே ஊரில் என் மனைவி முத்துக்கனி சீனி டப்பாவைக் காலி செய்துவிட்டாள். சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறுவது எங்கள் பனங்காட்டுப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கும் மருந்து, அது என்ன செய்துவிடும்? இங்கே விடியும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் கருப்பட்டிக் காப்பி குடிப்போம். நாங்கள் சேர்ந்து உட்காருவது அந்த ஒரு வேளைதான்.

கடைசியில் அந்தப் பெண், உண்பது குடிப்பது எல்லாவற்றையும் படமெடுத்து வரச் சொன்னாள். கருப்பட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மருந்து என்றேன். விளக்கம் கேட்டுவிட்டு, "இதுவும் சர்க்கரைதான்" என்றாள். பனைமரத்தையே பார்த்திராதவள் என்று கோபம் வந்தது. பயமும் வந்தது. மறுநாள் முத்துக்கனியிடம் சொன்னேன்.

"என்ன சொல்லுதிய? கருப்பட்டில சுகர் ஏறுமா? அவளுக்கு என்ன தெரியும்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி, விட்டுருங்க. நானும் விட்டுருதேன். நீங்க மட்டும் கசப்பக் குடிச்சா எனக்கு எறங்காது."

சில மாதங்களில் சுகர் இறங்கியது. சான்றும் கிடைத்தது. போனில் சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்போ வேலைக்கு ஒரு கொறையும் இல்லல்லா? இனி அங்கனயே இருக்கலாம்லா?"

"இருக்கலாம், முத்துக்கனி."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சான்று மறுக்கப்பட்டால் ஊருக்கே வந்துவிடலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்ததை நான் சொல்லவில்லை. இருவரும் கசப்புக் காப்பியைக் குடித்து முடித்தோம். அவள் கொடுத்துவிட்ட கருப்பட்டியில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. தின்ன முடியாது, தூக்கிப் போட மனம் வரவில்லை.