மூன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு தேடல்

ஒரு பெயரைத் தேட நாற்பத்தொரு செக்கன். வரிசை வெளியே வெயிலில் நின்றது. புளியந்தீவு நிவாரண அலுவலகத்தின் ஒரே கணினியில் இடம்பெயர்ந்த பதினோராயிரம் குடும்பங்களின் விவரம் இருந்தது. பதிவு எழுதும் இராசதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தரவுத்தளத்தை நிறுவிய அவர் மகள் சீதேவி கணினிக்கு முன்னால் இருந்தாள்.

“அடையாள அட்டை இலக்கத்தாலதான் தேட வச்சிருக்கன் அப்பா.”

“ஷெல்லடிக்குள்ள அட்டைய எடுத்திட்டா சனம் ஓடி வந்தது? தாய்ர குடியக் கேளு, ஊரக் கேளு. அத மறந்தவன் இஞ்ச இல்ல.”

தாய்வழிக் குலமான குடியையும் ஊரையும் சேர்த்து, தேடலை விரைவாக்கும் ஒரு சுட்டியை அவள் அமைத்தாள். தரவுத்தளத்துக்கு ஒதுக்கிய நினைவகத்தையும் கூட்டினாள். நாற்பத்தொரு செக்கன் இரண்டாகக் குறைந்தது.

“இன்னும் இழுக்குது புள்ள.”

“ஆர் எதைத் தேடினாலும் கணினி எழுதி வைக்குது, அதுதான். பிழை பாக்கப் போட்டது. நாளைக்கு நிப்பாட்டுறன்.”

அந்த நாளை வரவில்லை. விடியற்காலை சைக்கிளை வெளியே எடுத்த இராசதுரையை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் உடல் வாவிக்கரையில் கிடந்தது. பிடித்துப்போக இளம் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் அதைக் கொடுத்திருக்கவில்லை. அதனால் வீடு மாறி, இரவில் உறவினரோடு ஒளிந்து தங்கினார். அந்த முகவரி அலுவலகப் பதிவில் மட்டுமே இருந்தது.

அலுவலகப் பொறுப்பாளர் கோணாமலை பாடைக்குத் தோள் கொடுத்தார். வாய்விட்டு அழுதார். சீதேவி அழவில்லை. நிறுத்தாமல் விட்ட அந்தத் தேடல் பதிவைத் திறந்தாள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்தவள் அவள்தான்; தேடியவர் பெயர் அதில் விழும்.

முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டுக்குக் கோணாமலை வந்து முன் பந்தியில் இருந்தார். சீதேவி அவர் இலையோரம் ஒரு தாளை வைத்தாள்.

“சாப்பிட முன்னம் இதச் சத்தமா வாசியுங்க மாமா.”

“என்ன புள்ள, செத்த வீட்டில ஒபிஸ் பேப்பர்?”

“உங்கட பேர்ல மூண்டு வரி.” அவளே வாசித்தாள். “அப்பாவக் கொண்டுபோக முந்தின நாள் செவ்வாய், பின்னேரம் மூண்டு நாப்பத்திரண்டு. இராசதுரை. அடுத்தது, அவர் இருக்கிற வீடு. அடுத்தது, அந்த வீட்டில எத்தினை பேர்.”

சோறு பரிமாறிய மாமி சின்னத்தங்கம் கோணாமலையின் இலையைச் சுருட்டி எடுத்தாள்.

“எழும்பு.”

“இருநூறு தாள் அடிச்சிருக்கன்,” என்றாள் சீதேவி. “இனி நீங்க எந்த வீட்டுக்குப் போனாலும் உங்களுக்கு முன்னம் இது போகும்.”

கோணாமலை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அவள் நெஞ்சு முதன்முறையாகக் குளிர்ந்தது.

மிஞ்சிய தாள்களை அடுக்கும்போதுதான் நாலாவது வரியைப் படித்தாள். கோணாமலையின் பெயரையே பார்த்துப் பார்த்து, ஒரு மாதமாக அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். அதே செவ்வாய், நாலு பத்து. தேடியவர் இராசதுரை. தேடப்பட்டவன், வெல்லாவெளி அன்னப்பூரணி என்ற தாயின் காணாமற்போன மகன்.

மறுநாள் அதே தேடலைத் திரும்ப ஓட்டினாள். இரண்டு செக்கனில் விடை வந்தது. செங்கலடி முகாம், உயிரோடு.

அதைச் சொல்லத்தான் இராசதுரை அன்று விடியக்காலை வெல்லாவெளிக்குச் சைக்கிளை எடுத்திருந்தார். அன்னப்பூரணிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.