ஒரு வெள்ளிக்கிழமைதானே

யோசேப்பு ஐயா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. தன்னாமுனையில் வாவிக்கரையில் தோணியை ஏற்றிவிட்டு நின்றேன். இஸ்ரேலில் இன்னும் வேலை செய்கிற வாழைச்சேனை நவம் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சக்கர நாற்காலியில் ஐயா, அவருக்கு முன்னால் தலை குனிந்தபடி மகள். கீழே எபிரேயத்தில் ஏதோ எழுத்து. நவத்திடம் கேட்டேன்.

"'குடும்பத்தின்ர அன்பு சூழ வாழ்ந்து மறைந்தார்' எண்டு முதியோர் இல்லத்துக்காரர் போட்டிருக்கிறாங்க மச்சான்."

அதற்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. பெண்பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

நம் பக்கத்திலிருந்து அந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு ஐயாவைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் யூதர், ஆனால் கேரளத்துக் கொச்சியில் பிறந்தவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இஸ்ரேல் போய், பூந்தோட்டத்தில் உழைத்துக் கிழவனானவர். மனைவி போனபிறகு அவரோடு மலையாளம் பேச ஆளில்லை. ஒரே மகளுக்கு எபிரேயம் மட்டும்தான். எனக்கோ பள்ளிக்கூடமே ஏறவில்லை, எபிரேயம் எங்கே ஏறும்? நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் அவரைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனபோது, "சூடு மதி மோனே" என்றார். சூடு போதுமாம். எங்கள் ஊரில் மகனை 'மனே' என்று கூப்பிடுவோம். அந்தக் குளியலறையிலேயே நாங்கள் சொந்தக்காரர் ஆகிவிட்டோம். அவர் பேசியதை இனி நம் தமிழில் எழுதுகிறேன்.

இறால், நண்டு எல்லாம் யூதர்களுக்கு விலக்கு. நான் விடுவேனா?

"ஐயா, எங்கட வாவி இறால் ஒண்டு தின்னாம செத்தீங்கெண்டா, மேல போய்க் கடவுளுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"நீ மூட்டை மூட்டையாத் திண்டாய்தானே. திண்டு என்ன ஆனாய்? இஞ்ச வந்து எனக்குக் குண்டி கழுவுறாய்."

இப்படிப்பட்ட மனிதர், வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

வெள்ளி மாலையில் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கி, சனி பொழுதுபடும்வரை இருக்கும். சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி, பின்னிச் சுட்ட பாண் ரொட்டி. பிள்ளைகள் வந்து பெற்றோருக்கு முன்னால் குனிவார்கள். கிழடுகள் இரண்டு கையையும் பிள்ளையின் தலையில் வைத்து ஆசீர்வாதம் சொல்லும். எழுபது வயது மகன் கூடக் குனிவான். ஐயா முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்துக் கதிரையில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்திருப்பார். யாரையும் இருக்க விடமாட்டார். பாண் வெட்டும்போது தொப்பியை எடுத்து மடியில் வைப்பார். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்தக் கதிரையில் தொப்பிதான் இருந்தது.

மகள் எங்கே? மகள் வருவதில்லை, போன் பண்ணுவாள். அதுவும் சனிக்கிழமை! ஓய்வுநாள் முடியும்வரை ஐயா போனைத் தொடமாட்டார் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை அவளுக்கு லீவு, அவ்வளவுதான். மற்ற நாட்களில் இவர் போன் பண்ணினால், "அப்பா, வேலையில் இருக்கிறேன், சனிக்கிழமை பண்ணுகிறேன்" என்பாள். சனிக்கிழமை மேசையில் போன் அலறும். இவர் அதைப் பார்த்தபடி இருப்பார். எடு என்று என்னிடம் சொல்லவும் அவருடைய மார்க்கத்தில் இடமில்லை. அவளோ, "வாரம் தவறாமல் போன் பண்ணுகிறேன், அப்பா பேசுகிறார் இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு சனி எனக்குப் பொறுக்கவில்லை. நானே எடுத்து, தெரிந்த எபிரேயத்தை எல்லாம் கொட்டிக் கத்தினேன். வெள்ளிக்கிழமை பொழுதுபட முதல் போன் பண்ணு, இல்லாவிட்டால் வா, இவர் கதிரை பிடித்து வைத்திருக்கிறார் என்றேன். அவள் என் வேலையைப் பார்க்கச் சொன்னாள். அடுத்தநாள் அலுவலகத்தில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். ஐயா என்னைத் திட்டவில்லை.

"தெரியாதவளுக்குச் சொல்லலாம் மோனே. தெரிஞ்சவளுக்கு என்னத்தைச் சொல்லுவாய்?"

பிறகு இல்லத்தில் 'குடும்ப நாள்' என்று ஒன்று வைத்தார்கள். வெள்ளிக்கிழமையில் அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். அதே வெள்ளை விரிப்பு, அதே பாண், கொளுத்தாத மெழுகுதிரி. அன்றைக்கு மகள் வந்தாள், நல்ல உடுப்போடு. படம் பிடிப்பவன் அவளைக் குனியச் சொன்னான், ஐயாவைக் கை வைக்கச் சொன்னான். ஐயா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

"ஒரு படம்தானே அப்பா" என்றாள் குனிந்தபடி.

"ஒரு வெள்ளிக்கிழமைதானே மகளே" என்றார்.

எபிரேயத்தில் சொன்னார். எனக்கே விளங்கியது. அவளுக்கு விளங்காமலா? அந்த நேரத்தில் அடித்த படத்தைத்தான் இப்போது போட்டிருக்கிறார்கள். கை தெரியாமல் வெட்டிவிட்டார்கள். குடும்பத்தின் அன்பு சூழவாம்! கொஞ்சமும் வெட்கமில்லை.

என் விசா முடிந்தது. அங்கே என் கடைசி வெள்ளியில், அவர் வழமைபோலத் தொப்பியை மடிக்கு எடுத்தபோது, அவருக்கு முன்னால் முழந்தாளில் இருந்தேன்.

"ஐயா, இந்தத் தலை சும்மாதானே கிடக்குது. மொட்டையெண்டாலும் பரவாயில்ல, கைய வைங்க."

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கேட்டார்: "உன்ர அப்பன் உயிரோட இருக்கிறானா?"

"ஓம்."

"பிறகேன் என்ர மகளுக்கு வச்சிருக்கிறதைக் களவெடுக்கப் பார்க்கிறாய்? வீட்டுக்குப் போ. அவன்ர கையும் சும்மாதான் கிடக்கும்."

வந்தேன். அப்பாவுக்கு முன்னால் குனிந்தேன். "என்ன மனே, என்னத்தை விழுத்திப்போட்டுத் தேடுறாய்?" என்றார் அவர். நான் தலையை எடுக்காமலே நிற்க, கொஞ்சம் பொறுத்துக் கை வைத்தார்.

ஐயா ஒரு வியாழக்கிழமை இறந்திருக்கிறார். ஓய்வுநாளுக்கு முதல் அடக்கவேண்டும் என்று மறுநாளே அடக்கிவிட்டார்கள். நவம் சொன்னான்:

"மகள் வந்தவள் மச்சான். பொழுதுபட முதலே வந்தவள். நல்லா அழுதவள். பாவம்."

"ஆருடா பாவம்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்திருக்கிறாள். நல்லா வந்தாள்!

இங்கே எங்கள் தேவாலயத்துப் பாதர், கோபத்தை ஆறவிடு என்கிறார். மனைவியும் அதையே சொல்கிறாள், உனக்குச் சிரிப்புத்தானே அழகு என்கிறாள். ஆனால் ஐயா ஒருநாளும் மகளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. படவேண்டிய கோபம் அத்தனையையும் படாமலே போய்விட்டார். அது யாரிடமாவது இருக்கவேண்டும். என்னிடம் இருக்கிறது.