காரம் ஆகாத மருமகள்

மேலகரத்தில் என் மாமியார் வீட்டுச் சமையலறையில் மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் உண்டு. எல்லாருக்கும் காரசாரமான உள்ளித் தீயல் குழம்பு, எனக்கு மட்டும் அந்தக் கிண்ணத்தில் காரமில்லாத பருப்பு. கல்யாணமான மறுநாள் முதல் இதே கதைதான். அன்று சாப்பிடும்போது எனக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். நான் சுந்தரபாண்டியபுரத்துக்காரி. வயலில் மிளகாய் போட்ட காசில்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். பழையதுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான்.

சொல்லாமல் இருந்தேனா? தலைபாடாக அடித்துக்கொண்டேன். கணவரையும் சொல்லச் சொன்னேன். ஒரு சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, அத்தையின் கண்ணெதிரிலேயே மிளகாய் பஜ்ஜியை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று காட்டினேன். அவர் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், "புருசனுக்குப் பிடிக்கும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுத் திங்குதா, பாவம்" என்றார். இதற்குமேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

உளவியல் படிக்கும் என் மகள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். நாம் யாரோடும் நேராகப் பழகுவதில்லையாம். அவரைப் போல ஒரு உருவத்தை மனதுக்குள் செய்துவைத்து அதனோடுதான் பழகுகிறோமாம். எதைக்கொண்டு செய்தோம் என்பது நமக்கே தெரியாதாம். "ஆச்சி குடும்பம் நடத்துதது ஒங்கூட இல்லம்மா, அவ மனசுக்குள்ள இருக்க மருமக கூட" என்றாள். ரொம்ப நல்லது. ஆனால் உப்புச்சப்பில்லாத பருப்பைத் தின்றது அந்த மருமகள் இல்லையே, நானல்லவா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே ஒருநாள் என்னை நானாகப் பார்த்துவிடக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

இப்போது அத்தைக்கு ஞாபகம் தப்பிவிட்டது. வீட்டு வேலைக்கு வந்த யாரோ ஒரு பெண் என்று என்னை நினைக்கிறார். போன வாரம் தன் கையாலேயே என் தட்டில் தீயலை அள்ளி ஊற்றினார். பழக்கதோஷத்தில் கிண்ணத்தின் பக்கம் என் கை போனதும் தடுத்தார்.

"ஏட்டி, அதத் தொடாத. எம் மருமவளுக்கு. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல காரத்துல வாயெல்லாம் வெந்து கெடக்கும், என்னன்னு கேக்க ஒரு நாதி கெடையாது. அவளுக்கு அப்படி ஆயிரக் கூடாது."

இந்த ஒரு வார்த்தையை முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவருக்கே தெரிந்திருக்காது என்பாள் மகள்.

சமையல் இப்போது என் கையில்தான். ஆனாலும் கிண்ணத்தில் பருப்பு எடுத்துவைத்தால்தான் அத்தை சோற்றில் கை வைக்கிறார். சாயங்காலம் மூடியைத் திறந்து பார்க்கிறார். மிச்சம் இருந்தால், மருமகள் பட்டினி கிடக்கிறாள் என்று அழுகிறார். அதனால் மத்தியானம் அவர் கண்ணயரும் நேரம் பார்த்து, அடுப்படியில் நின்றபடியே, அந்தப் பருப்பையும் நானே தின்று தீர்க்கிறேன்.